குறும்பும் அல்லரியும்

ரேணிகுண்டாவிலிருந்து காளத்திக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் ஏர்பேடு. 1953இல் ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய இவ்வட்டாரத்தில், கட்டுக்கடங்காத பிள்ளையின் செயலைத் தமிழ் பேசும் தாய் 'குறும்பு' என்பாள். தெலுங்கு பேசும் தாய் 'அல்லரி' என்பாள். இவ்விரு சொற்களின் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

திருக்குறளின் 'நாடு' என்னும் அதிகாரத்தில் குறும்பு வருகிறது. அங்கே அது பிள்ளை விளையாட்டன்று. வேந்தனை அலைக்கழித்துக் கொலைக்கும் அஞ்சாத குறுநிலத் தலைவர்களைக் குறிப்பது. தெலுங்கின் அல்லரியோ கலகம், ஆரவாரம் என்றும் பொருள்படும். கலகக் கும்பலை இன்றும் 'அல்லரி மூக்க' என்பர். ஆட்சிக்கு அடங்காமையைச் சுட்டும் சொல்லே இருமொழியிலும் வீட்டுக்கு அடங்காத மழலைக்கும் உரியதாயிற்று. கலகக்காரனுக்குரிய பெயரைத் தாயின் நாவு செல்லப்பெயராக்கிவிட்டது!

ஆங்கிலத்தின் 'சில்லி' நடந்த வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் பேறுபெற்றவர், மகிழ்ச்சியுடையவர் என உயர்ந்து நின்ற அச்சொல், கள்ளமற்றவர், இரங்கத்தக்கவர் எனப் படிப்படியாக இறங்கி, இறுதியில் அறிவிலியைக் குறிப்பதாயிற்று. அதன் உறவுச்சொல்லாகிய ஜெர்மானியச் 'செலிக்' இன்றும் பேறுபெற்ற நிலையையே உணர்த்துகிறது.

நம் சொல் ஏன் கனிந்தது? காளத்தியில் இறைவனுக்குக் கண்ணளித்த கண்ணப்பரின் பிள்ளைப் பருவத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் பாடுகிறார். வேடர்குலச் சிறுவன் திண்ணன், புலியின் வாயை மலைக்குகை என்றெண்ணிக் கையை நீட்டுகிறான். பதறிய தந்தை அடிப்பதற்கு ஓங்கியது கோலன்று, பசுந்தழை! அதற்கே பிள்ளையின் கண்கள் கலங்க, தாய் முத்தமிட்டு அழுகையை மாற்றுகிறாள். அடங்காதவன்மீது வேந்தன் வாளை ஓங்குவான். பெற்றவர் ஓங்குவது தழையைத்தான். குறும்பு என்னும் சொல்லின் கடுமை தணிந்த இடம் இத்தகைய இல்லங்களே எனலாம்.

கடல் கடந்து வாழும் நம் இல்லங்களில் பாடமும் பணியும் பிறமொழியில் நடப்பது இயல்பே. ஆனால் கண்டிப்பும் பிறமொழிக்கு மாறுமாயின், பிள்ளைகள் தமிழை விழாமேடையில் மட்டுமே கேட்பர். கொஞ்சுவதற்கு மட்டுமன்று, கடிந்துகொள்வதற்கும் தாய்மொழி வேண்டும். "என்ன குறும்பு இது?" என்று கேளுங்கள். அக்கேள்வியில் சினத்தோடு ஒளிந்திருக்கும் சிரிப்பையும் பிள்ளைகள் அறிந்துகொள்வர்.