சோயுஸ் டி-13

சோயுஸ் டி-13, சோவியத் ஒன்றியம் 1985இல் நடத்திய மனித விண்வெளிப் பயணம். மின்சாரமும் தொடர்பும் அற்று உறைந்து கிடந்த சல்யூட் 7 விண்வெளி நிலையத்துக்கு விளாதிமிர் ஜானிபெகோவும் விக்டர் சவினிக்கும் சென்று, அதைப் பழுதுபார்த்து மீண்டும் இயங்க வைத்தனர். செயலிழந்த நிலையம் ஒன்றோடு மனிதர்கள் தம் கலத்தை இணைத்தது இதுவே முதல்முறை. கருவிகள் கைவிட்ட இடத்தில் மனிதக் கைகள் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு விண்வெளி வரலாற்றில் இதற்கு நிகரான சான்றுகள் மிகச் சிலவே.

பின்னணி

சுமார் 20 டன் எடையுள்ள சல்யூட் 7, 1982 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்டது. 1984 ஏப்ரலில் இந்தியாவின் ராகேஷ் சர்மா தங்கிப் பணியாற்றியது இந்த நிலையத்தில்தான். அப்போது அங்கிருந்த கிசிம், சோலோவியோவ், அத்கோவ் ஆகிய மூவரும் 237 நாள் பயணத்தை முடித்து அக்டோபரில் பூமி திரும்பினர். அதன்பின் ஆளின்றிச் சுற்றிய நிலையத்துடன் இருந்த தொடர்பு, 1985 பிப்ரவரி 11 அன்று முற்றிலும் அறுந்தது. அடுத்த நிலையமான மிர் ஏவப்பட இன்னும் ஓராண்டு இருந்தது.

ஆயத்தம்

வழக்கமாகக் கலமும் நிலையமும் ரேடியோ சைகைகளைப் பரிமாறித் தாமாகவே நெருங்கும். சல்யூட் ஊமையாகிவிட்டதால் அந்த வழி அடைபட்டது. பயனற்றுப்போன தானியங்கி இணைப்புக் கருவியையும் மூன்றாவது இருக்கையையும் கழற்றிவிட்டு, கூடுதல் தண்ணீரும் உணவும் ஏற்றினர். தொலைவை அளக்கக் கையடக்க லேசர் கருவி கொடுக்கப்பட்டது.

ஜானிபெகோவ் 1982இல், சோயுஸ் டி-6 பயணத்தில் தானியங்கி அமைப்பு தவறியபோது, கலத்தைக் கையாலேயே செலுத்தி இதே நிலையத்தில் இணைத்தவர். பொறியாளரான சவினிக் 1981இல் சல்யூட் 6 நிலையத்தில் இரண்டு மாதங்களுக்கு மேல் வாழ்ந்தவர்.

இணைப்பும் மீட்பும்

ஜூன் 6 அன்று பைக்கனூரிலிருந்து புறப்பட்டவர்கள் ஜூன் 8 அன்று நிலையத்தை நெருங்கினர். சூரியத் தகடுகள் ஒரே திசையைப் பார்க்காமல் வெவ்வேறு கோணங்களில் நின்றன. உள்ளே மின்சாரம் இல்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது. ஜானிபெகோவ் நிலையத்தைச் சுற்றிவந்து, முன்புற வாயிலில் கலத்தைப் பொருத்தினார்.

உள்ளே காற்று சுவாசிக்கத் தக்கதாக இருந்தது. ஆனால் குளிர் உறைநிலைக்கும் கீழே. தடித்த உடைகளும் கம்பளித் தொப்பியும் அணிந்தே வேலை செய்தனர். தண்ணீர்க் குழாய்கள் உறைந்திருக்க, கொண்டுவந்த குடிநீர் சில நாள்களுக்கே போதும். காற்றை அசைக்கும் விசிறிகள் ஓடாததால், மூச்சில் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு முகத்தருகே தேங்கித் தலைவலி தந்தது.

எட்டு மின்கலங்களில் இரண்டு உயிரற்றிருந்தன. மற்ற ஆறையும், கம்பிகளைக் கையால் முறுக்கி, சூரியத் தகடுகளோடு நேரடியாக இணைத்தனர். சோயுஸின் உந்துபொறிகளை இயக்கி நிலையத்தைச் சூரியனை நோக்கித் திருப்பியதும் மின்னேற்றம் தொடங்கியது. சூடு பரவி, பனி உருகி, கருவிகளின் மேல் ஈரம் படிந்தபோது அதைத் துணிகளால் துடைத்தெடுத்தனர்.

பழுதின் காரணமும் தெரிந்தது. மின்கலம் நிரம்பிவிட்டதாக ஓர் உணரி தவறாகக் காட்டி, மின்னேற்றத்தைத் துண்டித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தரையிலிருந்து ஆணை அனுப்பி இதைத் திருத்தியிருக்கலாம். ரேடியோவும் பழுதானதால் அதற்கு வழியில்லாமல் மின்கலங்கள் வற்றிப்போயின.

பிற்கால நிகழ்வுகள்

ஜூன் 23 அன்று புரோகிரஸ் 24 சரக்குக் கலம் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 2 அன்று இருவரும் வெளியே நடந்து கூடுதல் சூரியத் தகடுகளைப் பொருத்தினர். ஒரு திருகுமரை சுழன்றபடி திடீர் திடீரென்று தலைகீழாகத் திரும்புவதை ஜானிபெகோவ் கவனித்ததும் இப்பயணத்தில்தான். அந்த இயக்கம் இன்று அவர் பெயரால் அறியப்படுகிறது.

செப்டம்பரில் சோயுஸ் டி-14இல் வசியூத்தின், கிரெச்கோ, வோல்கோவ் ஆகியோர் வந்தனர். 112 நாள்களுக்குப் பின், செப்டம்பர் 26 அன்று ஜானிபெகோவ், கிரெச்கோவுடன் தரையிறங்கினார். சவினிக் புதியவர்களோடு தங்கினார். ஒரு குழுவின் ஒரு பகுதியினர் மட்டும் மாறியது அதுவே முதல்முறை. வசியூத்தின் நோயுற்றதால் மூவரும் நவம்பர் 21 அன்று பூமி திரும்பினர்.

1986இல் மிர் நிலையத்திலிருந்து இருவர் சல்யூட் 7க்குப் பறந்து, அதன் கருவிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு மீண்டும் மிர் திரும்பினர். அவர்கள் வேறு யாருமல்லர்; 1984இல் இந்நிலையத்தை விட்டு வந்த கிசிமும் சோலோவியோவும்தான். சல்யூட் 7, 1991 பிப்ரவரி 7 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து சிதைந்தது. அதன் துண்டுகள் அர்ஜென்டினாவில் விழுந்தன.