அம்பரப்பர் மலையின் படம்

போடிக்கும் தேவாரத்துக்கும் இடையே மலையடிவாரத்தில் கிடக்கும் பொட்டிப்புரம், சில ஆண்டுகளுக்கு முன்வரை தேனி மாவட்டத்துக்கு வெளியே அதிகம் பேர் அறியாத ஊர். அவ்வூரை ஒட்டிய அம்பரப்பர் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஏறத்தாழ 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அதன்பின் செய்தியாளர், அறிவியலார், போராட்டக்காரர், வேடிக்கை பார்ப்போர் எனப் பலரும் கேமராவோடு வந்தனர். வழக்குகள் நடந்தன. 2022இல் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் இத்திட்டத்துக்குத் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. எந்தப் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. நம் கவலை வேறு. இத்தனை பேர் படமெடுத்த இந்த மலை 1985இல் எப்படி இருந்தது, 2005இல் எப்படி இருந்தது, அடிவாரத்தில் எவ்வளவு பச்சை, எவ்வளவு பொட்டல் என்று காட்ட நாள் குறித்த ஒரு படத்தை ஊருக்குள் தேடினால், கிடைப்பவை கல்யாணப் படங்களும் காதுகுத்துப் படங்களுமே. அவற்றில் மலை, மணமக்களின் தோளுக்குப் பின்னால் மங்கலாக ஒதுங்கி நிற்கிறது.

நாம் தொழில்முறைப் படக்காரர் அல்லோம். கல்லூரியில் தமிழ் கற்பித்துவிட்டு விடுமுறை நாட்களில் டிஜிட்டல் கேமராவோடு கம்பம் பள்ளத்தாக்கில் அலைபவர், அவ்வளவே. அந்த அலைச்சலில் எழுந்த கேள்விகள்தாம் நம்மைப் பழைய படங்களின் வரலாற்றுக்குள் இழுத்துவிட்டன.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'புகைப்படம்' என்பதில் புகை எங்கே என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுகிறார். 1839இல் ஜான் ஹெர்ஷல் பயன்படுத்திப் பரவிய 'போட்டோகிராபி' என்ற கிரேக்க வேர்ச்சொல்லுக்கு 'ஒளியால் எழுதுதல்' என்று பொருள். ஆகவே 'ஒளிப்படம்' பொருத்தமானது என்பர் ஒருசாரார். 'நிழற்படம்' என்பதில் கவிதை இருக்கிறது என்பர் வேறொருசாரார். நாம் 'படம்' என்றே சொல்லிச் செல்கிறோம். ஊரில் யாரும் வேறு சொல் சொல்வதில்லை.

இனி லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தில் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்த இவர், 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊர் சென்றிருந்தபோது படமெடுக்கக் கற்றார். அன்று அது இவருக்கு வெறும் பொழுதுபோக்கு. திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர்ச் சிற்பங்களைச் சொந்த ஆர்வத்தில் எடுத்தார். அந்தப் படங்கள் 1855ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் பாராட்டைப் பெற்றன. அடுத்த ஆண்டே சென்னை மாகாண அரசின் படக்காரராக நியமனம். பொழுதுபோக்கு உத்தியோகமான கதை! 1858இன் முதல் மாதங்களில் மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருச்சி என்று மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறார். மெழுகு பூசிய காகிதமே நெகட்டிவ். நம் வெயிலில் ஈரத் தட்டு முறை படுத்தும் பாட்டை நினைத்தால் அது அறிவுள்ள தேர்வுதான் என்று தோன்றுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததை இன்றைய 'பனோரமா' பொத்தானை அழுத்துவோர் அறிந்திருப்பது நல்லது. கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கல்வெட்டை வாசிக்கத் தெரியாத ஒருவர், வாசிக்கத் தெரிந்தவர்களுக்காக அதைச் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

அதே டிரைப்பின் மற்றொரு பக்கமும் உண்டு. அக்கால நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டுமீறிக் கூருணர்வு கொண்டவை. கோபுரம் சரியாக விழும் அளவுக்கு ஒளியை விட்டால் வானம் வெளிறிச் சுண்ணாம்புச் சுவராகிவிடும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகங்களை வரைந்தார். 1858ஆம் ஆண்டு மதுரையின் வானத்தில் மிதக்கும் அந்த மேகங்களிற் பல எந்தக் கடலிலிருந்தும் எழுந்தவை அல்ல. 'போட்டோஷாப் வந்துதான் படங்களின் உண்மை கெட்டது' என்று மேடைகளில் பேசுவோருக்கு இதைச் சொல்லலாம்.

அவர் எடுத்தவற்றுள் நம் பள்ளத்தாக்கோடு நேரடியாக உறவுள்ளது, வைகையையும் அதைக் கடந்து மதுரைக்குச் செல்லும் தரைப்பாலத்தையும் காட்டும் படம். ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது 1889இல். பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியே வைகைக்கு வரத் தொடங்கியது 1895இல். வைகை அணை 1959இல். ஆக, பெரியாற்று நீர் கலப்பதற்கு 37 ஆண்டுகள் முந்திய வைகை அது. இயற்கை கொடுத்ததை மட்டும் கொண்டு ஓடிய ஆறு. டிரைப் அதை நீரியல் சான்றாக எண்ணி எடுக்கவில்லை. மதுரைக்குள் நுழையும் வழி அழகாக இருந்தது, எடுத்தார். நமக்கோ அதில் அழகைவிட நாளே பெரிது. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் இந்தப் படப்பணி கருவூலத்துக்குக் கட்டாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். சிக்கனம் ஆவணத்தின்மேல்தான் முதலில் கை வைக்கும் போலும்.

ஒரு நூற்றாண்டைத் தாண்டி மா. கிருஷ்ணனிடம் வருவோம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் என்பது இலக்கிய வாசகர்க்குப் போதுமான அறிமுகம். 1912இல் பிறந்த இவர், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றித் தொடர் எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைக் கோத்துத் தாமே அமைத்துக்கொண்ட பளுவான கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். புதிய கேமரா வாங்காவிட்டால் கலை வராது என்று வருந்தும் இளைஞர்களிடம் இந்தப் பெயரை நாம் அடிக்கடி சொல்வதுண்டு. எங்கே, எந்த விலங்கு, என்ன செய்துகொண்டிருந்தது என்ற குறிப்பு அவர் படங்களோடு எப்போதும் சேர்ந்தே இருக்கும். அழகு அதற்குப் பின்னால்தான்.

அந்தப் படச்சுருள் காலத்தில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு பெருமை இருந்தது. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' முத்திரைச் சுருள் அது. இந்து என்றால் நிலவு. வெள்ளிச் சேர்மத்தால் ஆகும் பொருளுக்கு நிலவின் பெயரிட்டவர் யாரோ, சுவையறிந்தவர். டிஜிட்டல் வந்து அந்த ஆலையைக் கொன்றது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள், நமக்கு உடன்பாடில்லை. 1990களில், டிஜிட்டல் கேமரா நம் வீடுகளை எட்டிப் பார்க்கும் முன்பே, அது நலிந்த நிறுவனமாகிவிட்டிருந்தது. ஆலை பின்னர் மூடப்பட்டது. ஊட்டியில் இந்துநகர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

டிஜிட்டல் கேமராவின் பிறப்பும் ஒரு படச்சுருள் நிறுவனத்திலேயே நிகழ்ந்தது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்ட சிசிடி சில்லைக் கொண்டு, 1975இல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன் ஒரு பெட்டியைக் கட்டினார். எடை 3.6 கிலோ, படத்தில் 10,000 புள்ளிகள், ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி. 2012இல் கோடக் திவால் பாதுகாப்புக் கோரியது.

அதே கோடக்கில் 1976இல் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயரின் ஏற்பாடு இன்றும் பெரும்பாலான கேமராக்களிலும் கைபேசிகளிலும் இருக்கிறது. ஒளியுணர்வுச் சில்லுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒரு வடிகட்டி. மனிதக் கண்ணின் இயல்பை ஒட்டி, பாதிப் புள்ளிகள் பச்சைக்கு. மீதி இரண்டும் கால் கால். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை அளக்கிறது. மற்ற இரண்டையும் அண்டைப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புகிறது. சின்னமனூர் வயலின் நாற்றுப் பச்சையை நாம் எடுக்கும்போது, படத்திலுள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். டிரைப் தூரிகையால் செய்ததைச் சில்லு கணிதத்தால் செய்கிறது. இதைச் சொல்வது கேமராவைக் குறைகூற அன்று. தொடாத படம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதற்காகவே.

பொட்டிப்புரத்துக்கும் படக்கலைக்கும் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு. 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல், வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயம் கண்டறியப்பட்டது. உலகில் முதன்முதலாக அதைக் கண்டவற்றுள் ஒன்று அந்த ஆய்வு. துகள் கடந்து செல்லும்போது ஒளிரும் நியான் குழாய்களை அடுக்கி, அந்த ஒளிர்வைக் கேமராவால் படச்சுருளில் பிடித்தார்கள். சுரங்க இருட்டில் யாரும் பார்த்திராத ஒன்றின் சுவடு வெள்ளித் துணுக்குகளில் விழுந்தது. பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்டதிலோ படச்சுருள் இல்லை. காந்தமூட்டிய 50,000 டன் இரும்புத் தகடுகளுக்கிடையே வாயு அறைகள். துகள் கடந்தால் குறுக்கும் நெடுக்குமான பட்டைகளில் மின்துடிப்பு. எந்தப் பட்டையில் எப்போது என்ற எண்களைக் கோத்தால் துகளின் பாதை. நம் கையிலுள்ள கேமரா செய்வதும் ஏறத்தாழ இதுவே. வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் ஒரே மலையடிவாரத்தில் எண்களால் ஆன படங்களோடு நின்றார்கள்.

சரி, அன்றாடப் பாடுகளுக்கு வருவோம். ஆடிக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாற்றினால் உள்ளே புழுதி படிந்து, அடுத்த நூறு படங்களின் வானத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் பொட்டு. 36 படங்களோடு சுருள் முடிந்துவிடும் என்ற அச்சம் போனதும், எண்ணி எடுக்கும் பழக்கமும் போயிற்று. ஒரே கொக்குக்கு 40 படம். அவற்றைச் சேமிக்கக் குறுந்தட்டு. அது சில ஆண்டுகளில் வாசிக்க மறுக்கும். பின்பு வன்தட்டு, அதற்கொரு நகல், நகலுக்கொரு நகல். பழைய நெகட்டிவ் உறையைத் தகரப் பெட்டியில் மறந்துவிடலாம், முப்பது ஆண்டு கழித்துத் திறந்து விளக்கில் பிடித்துப் பார்க்கலாம். டிஜிட்டல் படத்தை மறக்க முடியாது. மறந்தால் இல்லை.

ஆனால் படச்சுருளும் காப்பாற்றப்பட்டதா என்றால், அதுவும் இல்லை. நம் பக்கத்துச் சிற்றூர் ஸ்டுடியோ ஒன்றை நடத்தியவர் மறைந்தபின், அவர் நாற்பது ஆண்டு சேர்த்து வைத்திருந்த நெகட்டிவ்கள், வெள்ளி பிரிப்போருக்கு எடைக்குப் போயின. ஒரு தலைமுறையின் முகங்கள். கிலோ என்ன விலைக்கு என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை.

டிஜிட்டல் நமக்குக் கொடுத்த பெருங்கொடை கூர்மையன்று, நாட்குறிப்பு. படத்தோடு எடுத்த நாளையும் நேரத்தையும் சேர்த்தெழுதும் 'எக்ஸிஃப்' முறை 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. டிரைப்பின் வைகைக்கு ஆய்வாளர்கள் தேடிச் சேர்த்த நாள், நம் படங்களில் தானே ஏறிக்கொள்கிறது. இதையும் நாம் பாழாக்குகிறோம். கடிகாரம் திருத்தாத கேமரா, ஆடி மாதத்துச் சுருளி அருவியை ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் கொட்டவைக்கிறது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, நாளும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன. பத்தாயிரம் பேர் கைமாறிய மலைப் படம், எந்த மலை என்று சொல்லாத அனாதையாக வந்து நிற்கிறது.

பெரியகுளத்திலிருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொடைக்கானல் மலைமேல் இதற்கு நேர்மாறான ஒரு களஞ்சியம் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அதே சூரியன், அதே கோணம், அதே வட்டம். தனியாகப் பார்த்தால் எவருக்கும் அலுப்புத் தட்டும் படங்கள். 1909இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை அங்கெடுத்த நிறமாலைப் படங்களில் கண்டார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. அந்தக் கண்ணாடித் தட்டுகளும் சுருள்களும் இன்று எண்வடிவாக்கப்பட்டு, நூறாண்டுக் காலச் சூரியனின் போக்கை அறிய உலகெங்குமுள்ள ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. மேகம் மறைத்த நாட்களில் வரிசையில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியும் அங்கே கணக்கில் இருக்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, பொட்டிப்புரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "அப்ப எங்க மலைய மாசாமாசம் ஒரே எடத்துல நின்னு எடுத்தாப் போதுமா, ஐயா?" என்று கேட்டாள். போதும் என்றோம். சாலையோர மைல்கல் ஒன்றைக் குறித்துக்கொண்டாள். கைபேசிதான் கேமரா. தமிழ் மாதம் பிறக்கும் நாளில், காலை ஏழு மணிக்கு, ஒரு படம். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர். பிரதி ஒன்று அவளிடம், ஒன்று துறைக் கணினியில், ஒன்று நம்மிடம். இதுவரை பதினேழு சேர்ந்திருக்கின்றன. சித்திரையில் காய்ந்த புல், ஐப்பசியில் அடிவாரம் முழுதும் பச்சை, ஒன்றில் குறுக்கே போகும் ஆட்டுக் கிடை. மூன்று படங்களில் மலையே இல்லை, வெறும் மேகம். அவற்றை அழித்துவிட்டு வேறொரு நாள் எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.