கூத்தாடியின் வாக்கு

குன்றாண்டார்கோவிலில் பாறையைக் குடைந்தெடுத்த சிவன் கோயிலின் முன்னால் விஜயநகர காலத்து நிருத்த மண்டபம் ஒன்று இருக்கிறது. ரத வடிவம். கல் சக்கரங்கள், இழுத்துப் போகக் கல் குதிரைகள். ஆடுகிறவர்களுக்கென்று கட்டிய இடத்தை ஓடுகிற தேராகக் கற்பனை செய்தவன் யாரோ, அவன் சிற்பி மட்டுமல்ல என்று எனக்குப் படுகிறது. ஆடியவர்கள் எவ்வளவு தூரம் நகர முடிந்தது என்பது வேறு விஷயம். கோயிலிலிருந்து ஊர்ச் சபைக்குச் சில நூறு அடிதான் இருந்திருக்கும். அதைக் கடக்க ஆயிரம் வருஷம் ஆகியிருக்கிறது.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளில் கூத்தாடிகள் அநாமதேயங்கள் அல்ல. திருவேங்கைவாசலில் சித்திரைத் திருவிழாவில் சாந்திக்கூத்து ஆட ஏழுநாட்டு நங்கை என்பவளுக்கு நிலம் விட்டிருக்கிறார்கள். குடுமியான்மலையில் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியாள் அம்மன் சந்நிதியையே எடுப்பித்திருக்கிறாள். காணி வைத்திருந்தவர்கள், கோயிலுக்குக் கொடுத்தவர்கள், கல்லில் பெயர் வெட்டிக்கொண்டவர்கள். ஆனால் சபை? உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டைக் காட்டி நம் ஜனநாயகத்தின் பழமையைப் பேசுகிறவர்கள், குடவோலையில் பெயர் எழுதப்பட என்ன வேண்டியிருந்தது என்பதைச் சற்று வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி. நிலம் இருந்த கூத்திக்கும் அங்கே ஓலை இல்லை.

இந்த மண்ணிலிருந்தே மேடையும் நகர்மன்றமும் ஒரே ஆளிடம் கூடிய உதாரணம் உண்டு: திருமயத்தில் 1887இல் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, பிறகு சென்னை, வக்கீல் தொழில். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் ஆரம்பித்த சுகுண விலாச சபையில் சேர்ந்து வேஷம் கட்டியவர். 1939இல் சென்னையின் மேயர். குடிநீருக்காக அவர் முயன்று கொண்டுவந்த பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தபோது அவர் உயிரோடில்லை. இதைக் கலைஞனின் வெற்றி என்று எழுதிவிடலாம். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சுகுண விலாச சபைக்காரர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். மாலையில் முகத்தில் பூசிய அரிதாரத்தைக் காலையில் கழுவிவிட்டுக் கோர்ட்டுக்குப் போக முடிந்தவர்கள். தொழில்முறை நடிகனுக்கு அந்த அரிதாரம் கழுவினாலும் போகாது. கூத்தாடி என்ற ஒரு சொல்லில் அவன் ஜாதி, நடத்தை, நாணயம் எல்லாவற்றையும் ஊர் சொல்லி முடித்துவிடும். அமெச்சூர் என்பது கலை பற்றிய வகைப்பாடு அல்ல, சொத்து பற்றிய வகைப்பாடு.

இதே சத்தியமூர்த்தி 1920களின் கடைசியில் சட்டசபையில், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி எடுத்த முயற்சியை எதிர்த்தார். ஒரு வயது மூத்த முத்துலட்சுமியும் புதுக்கோட்டைக்காரர், அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். 1926இல் சட்டசபைக்கு நியமனமாகி அதன் துணைத் தலைவரானார். சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மேனும் அவர்தான். ஆடாமல், பாடாமல், டாக்டராகித்தான் அந்த வீட்டுப் பெண் சபைக்குள் நுழைய முடிந்தது. கலையைக் காக்கப் பேசியவர் அதன் விலையைத் தராதவர். விலை தந்த குடும்பத்திலிருந்து வந்தவர் கலையையே விட்டு விலகி வந்தவர். ஒரே சமஸ்தானத்து இருவருக்கும் நடந்த அந்த விவாதத்தை யாராவது நாடகமாக எழுதியிருக்க வேண்டும்.

தேசிய இயக்கத்துக்கு நடிகர்களை இழுத்து வந்ததும் சத்தியமூர்த்திதான். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், 1908இல் பிறந்தவர், சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். வேலு நாயர் கம்பெனி, கொழும்பு மேடை, எஸ்.ஜி. கிட்டப்பாவோடு கல்யாணம். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளை உடுத்தி ஒதுங்கியவர் 1935இல் ஒரு லட்ச ரூபாய்க்கு 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். 1937 தேர்தலில் காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடினார். ஒலிபெருக்கி வேண்டாத தொண்டை. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை என்பதுதான் வேடிக்கை. வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான் அன்று வாக்குரிமை. ஊர் மாறி ஊர் அலையும் நாடகக்காரனுக்கு முகவரியே கிடையாது. சமஸ்தானத்துக்குள் இருந்த குன்றாண்டார்கோவில் அந்தத் தேர்தலிலேயே சேரவில்லை. 1948 மார்ச்சில் இணைந்த பிறகுதான் இங்கே எல்லோருக்குமான வாக்குச் சீட்டு. சுந்தராம்பாள் பிற்பாடு மேல்சபைக்குப் போனார். தெருவில் கைகூப்பிப் பெற்ற இடமல்ல அது.

1962இல் எஸ்.எஸ். ராஜேந்திரன் தேனியில் ஜெயித்தார், 1967இல் எம்.ஜி.ஆர். பரங்கிமலையில். அதன் பின் கதை எல்லோருக்கும் தெரியும், எழுதிச் சலித்தும்விட்டார்கள். நான் கவனிப்பது அவர்கள் தாவிப் போன படியை. நட்சத்திரத்துக்கு ஊராட்சி வேண்டியதில்லை. திரை தருகிற தூரமே அவன் மூலதனம். வார்டில் நிற்கிறவனுக்கு அந்தத் தூரம் கிடையாது. அவன் யார் மகன், எந்தத் தெரு, யார் சாவுக்கு யார் கூப்பிட்டுப் பறையடித்தான் என்பது வாக்குப் போடுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். புதுக்கோட்டை வட்டாரத்தில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தில் பபூன் யாரையும் கேலி செய்யலாம்; முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைவரே சிரிப்பார். கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். விடிந்தால் கூத்தாடிக்குக் கூலி உண்டு, ஆனால் அந்தச் சலுகை அத்தோடு தீர்ந்தது. 1994ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டம் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடம் ஒதுக்கியது, 1996இல் தேர்தல், 1997 ஜூனில் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். சட்டசபைக்குப் போவதைவிட ஊராட்சிக்குப் போவது ஏன் கடினம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல முடிகிறது. முருகேசன் கலைஞர் அல்ல. ஆனால் இங்கே பறையும் கரகமும் தவிலும் யார் கையில் இருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கதை.

2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் தி.மு.க. நிறுத்திய கங்கா நாயக் கவுன்சிலர் ஆனார். திருநங்கை, கலைக்குழு நடத்தி வந்தவர். நடனமாடிப் பிழைத்த அதே நகரத்தில், பார்த்துச் சிரித்தவர்களும் குடியிருக்கும் தெருக்களில் வாக்குக் கேட்டார். வித்தியாசம் 15 வாக்குகள்.