'வீட்டிலேயே காய்கறி வளர்ப்போம்' போஸ்டர்: எது வேலை செய்யும், எது சுவரோடு நின்றுவிடும்?

நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சிரிக்கும் குடும்பம், மர வேலி, கூடை நிறைய புரோக்கோலி. கீழே 'உங்கள் காய்கறியை நீங்களே வளருங்கள்'. மூணு மாசமா தினமும் பார்க்கிறேன். எந்த பால்கனியிலும் ஒரு தொட்டிகூட புதுசா வரலை. படம் அழகாத்தான் இருக்கு. ஆனால் அதில் இருக்கும் வேலியோ தரையோ அந்த லிஃப்டில் ஏறும் யாரிடமும் இல்லை.

இந்த வகை போஸ்டர்கள் எங்கிருந்து வந்தன?

பெரும்பாலும் போரிலிருந்து. முதல் உலகப் போரின்போது, 1918-ல், அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் தேசியக் கொடியை உடையாக அணிந்த பெண் விதை தூவுவது போல ஒரு போஸ்டர் வரைந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் 'டிக் ஃபார் விக்டரி' பிரசாரத்தை நடத்தியது. கப்பலில் வரும் உணவை நம்பியிருந்த நாடு அது. அந்தக் கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் குறிவைத்தன. ஆகவே காய்கறி வளர்ப்பது பொழுதுபோக்காக இல்லாமல் நாட்டின் தேவையாகவே ஆனது. மக்கள் பயிரிட வாடகைக்கு எடுத்த சிறு நிலத் துண்டுகள் சுமார் 8 லட்சத்திலிருந்து 14 லட்சமாக உயர்ந்ததாகச் சொல்லப்படுகிறது.

அந்தக் காலத்து போஸ்டர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஏப்ரம் கேம்ஸ் 1942-ல் வடிவமைத்தது. மண்வெட்டியையும் கப்பலையும் ஒரே உருவமாக இணைத்து, 'கப்பல் வேண்டாம், மண்வெட்டி எடு' என்கிறது. ஏன் வளர்க்க வேண்டும் என்ற முழு வாதமும் அந்த ஒரே படத்தில் முடிந்துவிடுகிறது. சிரிக்கும் குடும்பமே தேவைப்படவில்லை.

சரி, படம் பார்த்ததும் மக்கள் தோண்ட ஆரம்பித்துவிட்டார்களா?

படம் மட்டும் போதவில்லை. போஸ்டரோடு அரசு துண்டுப் பிரசுரங்களும் வெளியிட்டது. முதல் பிரசுரத்திலேயே 90 அடிக்கு 30 அடி நிலத்தில் எந்த மாதம் எதை விதைப்பது என்ற அட்டவணை இருந்தது. அதாவது 2,700 சதுர அடி. 900 சதுர அடி டூ பிஹெச்கே வீடுகள் மூன்றைச் சேர்த்தால் வரும் இடம்!

இந்தக் கணக்கைத்தான் நம்ம ஊர் போஸ்டர்கள் மறைக்கின்றன. ஒருவர் தினமும் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. நாலு க்ரோ பேக்கில் இது நடக்காது. 'உங்கள் தேவையை நீங்களே' என்ற வாசகத்தை நம்பி, தொட்டிக்கும் மண்ணுக்கும் காசு செலவழித்து, ரெண்டு தக்காளி பறித்தவர் 'எனக்குக் கை ராசி இல்லை' என்று விட்டுவிடுவார். தப்பு அவர்மேல் இல்லை. வாசகம்தான் பொய் சொன்னது.

கேரளம் சொல்லித் தரும் வாசகம்

கேரள வேளாண் துறையின் திட்டப் பெயர் 'ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி'. எப்போதுக்குள் என்று ஓணம் சொல்கிறது. எவ்வளவு என்று முறம் சொல்கிறது. மனதில் உடனே படமும் வந்துவிடுகிறது. கூடவே விதை பாக்கெட்டும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2013-14-ல் சென்னை, கோவையில் தோட்டக்கலைத் துறை கொண்டுவந்த மாடித் தோட்டக் கிட்டும் இதே மாதிரிதான்: ஆசையைக் கிளப்பிவிட்டுப் போகாமல் பை, தென்னை நார்க்கழிவு, விதை என்று கையில் கொடுத்தது.

நீங்களே வரையப் போகிறீர்களா?

முதலில், எதை வரைவது? என் ஓட்டு சிறுகீரைக்கு. விதைத்து சுமார் 25 நாளில் பறிக்கலாம், வேர் ஆழமாகப் போகாது, மூணு நாலு மணி நேர வெயிலிலும் சமாளிக்கும். வெண்டைக்கும் தக்காளிக்கும் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். சென்னையில் ஏப்ரலில் புரோக்கோலி வைத்தால் ஏமாற்றம்தான். தரைக்குப் பதிலாக பால்கனி கம்பி, துணி காயும் கொடி, ஏசியின் வெளிப்பெட்டி, நடுவில் ஒரு கீரைத் தட்டு என்று வரையுங்கள். பார்ப்பவர் 'அட, என் வீடு' என்று நினைக்க வேண்டும்.

எழுத்து விஷயத்தில் தமிழுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மேலே 'ீ' சுழி, கீழே 'ூ' வால். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியையே வைத்தால் இரண்டு வரிகளும் மோதும். ரொம்பத் தடிமனான ஃபாண்டில் சுழிகள் அடைத்துவிடும். பத்தடி தூரத்திலிருந்து படிக்க எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்கட்டும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை, அச்சில் மங்கும். ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். அசோசியேஷன் ஆபீஸில் கருப்பு வெள்ளையில்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள் என்பதால் அதிலும் ஒருமுறை சோதியுங்கள்.

எப்படி வளர்ப்பது என்ற விவரத்தை போஸ்டரில் திணிக்காதீர்கள். அதை ஒரு கியூஆர் கோடுக்குப் பின்னால் வைத்துவிடலாம். முடிந்தால், பக்கத்திலேயே ஒரு கவரில் விதை பொட்டலங்களைத் தொங்கவிடுங்கள். எத்தனை குறைந்தது என்று வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் போஸ்டர் வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். எங்கள் லிஃப்டில் அடுத்த வாரம் இருபது பொட்டலங்களோடு ஆரம்பிக்கிறேன்.