காணொளி மறையுமுன் கோப்பாகச் சேமியுங்கள்

2025 பெப்ரவரி 19 முதல் பேஸ்புக் தனது புதிய நேரலைகளை 30 நாட்கள் மட்டுமே வைத்திருக்கிறது. பின்னர் அவை நீக்கப்படுகின்றன. பழைய நேரலைகளையும் படிப்படியாக அகற்றப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய தொடர் போராட்டத்தையும், அதன்பின் ஏனைய மாவட்டங்களில் நடந்தவற்றையும் நம்மில் பலர் நேரலைகளில்தான் பார்த்தோம். அவற்றில் பேசிய தாய்மாரில் பலர் இன்று உயிருடன் இல்லை.

யூடியூபையும் நம்பியிருக்க முடியாது. தீவிரவாத உள்ளடக்கத்தைத் தேடிய அதன் தானியங்கி முறை, 2017இல் சிரியப் போரை ஆவணப்படுத்திய ஆயிரக்கணக்கான காணொளிகளையும் நீக்கியது. முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்திருந்த சிரியன் ஆர்கைவ் போன்ற அமைப்புகளால் பல காணொளிகள் தப்பின.

கோப்பின் பெறுமதியை நாமும் அறிவோம். கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் காட்சியை 2009 ஆகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பியபோது, அரசாங்கம் அதைப் போலி என்றது. அது உண்மையானது என்பதையே நிபுணர் ஆய்வு வலுவாகக் காட்டுவதாக, ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் 2010 ஜனவரியில் தெரிவித்தார். நிபுணர்கள் காட்சியுடன், கோப்பினுள் பதிந்திருந்த திகதியையும் ஆராய்ந்தார்கள்.

எனவே, செய்தி வேலைக்காக நான் பின்பற்றும் முறையை இங்கே தருகிறேன்.

உங்கள் சொந்தக் காணொளி: பேஸ்புக் அமைப்புகளில் உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி உண்டு. யூடியூபில் ஏற்றியவற்றை கூகுள் டேக்அவுட் மூலம் பெறலாம். கைத்தொலைபேசியில் மூலப்பதிவு இருந்தால், அதை அழிக்காதீர்கள்.

பிறரின் காணொளி: முதலில் ஏற்றியவரிடமே மூலக்கோப்பைக் கேளுங்கள். அனுமதியின்றித் தரவிறக்குவதை யூடியூபின் நிபந்தனைகள் ஏற்பதில்லை. அனுமதி கிடைத்து, கோப்பு கிடைக்காவிட்டால், பயர்பொக்ஸ் உலாவியில் ‘வீடியோ டவுன்லோட் ஹெல்பர்’ என்ற நீட்சியைச் சேர்க்கலாம். காணொளியை ஓடவிட்டு அதன் குறியை அழுத்தினால், கிடைக்கும் தரங்கள் பட்டியலாக வரும். குரோமுக்கான அதே நீட்சி யூடியூபில் வேலை செய்யாது. கூகுளின் நீட்சிக் கடை அதை அனுமதிப்பதில்லை. ‘டவுன்லோட்’ என்று பல பொத்தான்கள் மின்னும் தளங்களைத் தவிருங்கள். அவற்றில் பெரும்பாலானவை விளம்பரங்கள். சில தீங்கான மென்பொருளை இறக்கும்.

ஒலி மட்டும் போதுமென்றால்: உயர்தரக் காணொளிகளில் யூடியூப் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அதனால் ஒலியை எம்4ஏ வடிவிலேயே எடுங்கள். எம்பி3 ஆக மாற்றினால் ஒலி மறுபடி சுருக்கப்பட்டுத் தரம் குறையும். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணிநேரப் பேச்சு ஏறத்தாழ 60 எம்பிக்குள் அடங்கும். ஆனால் சாட்சியம் என்றால் படத்தையும் வைத்திருங்கள்: முகம், இடம், பின்னணிப் பதாகை எல்லாமே தகவல்.

கூடவே எழுதவேண்டியவை: இணைப்பு முகவரி, ஏற்றியவரின் கணக்கு, ஏற்றிய திகதி, நீங்கள் சேமித்த திகதி, பேசப்படும் இடம். இவற்றை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி, காணொளியுடன் ஒரே கோப்புறையில் வையுங்கள். செவன்-சிப் மென்பொருள் இருந்தால், கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்கில் எஸ்எச்ஏ-256 எண்ணைப் பெற்று அதையும் குறியுங்கள். பின்னர் கோப்பில் ஓரிடம் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கோப்பு தொடப்படவில்லை என்பதை அதைக்கொண்டு காட்டலாம்.

சேமித்ததை வட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். இரண்டு பிரதிகளாவது, வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இங்கு கைதானவர்கள் உண்டு. சேமிப்பது வேறு, பகிர்வது வேறு. பிறரின் முகமும் பெயரும் உள்ள சாட்சியங்களைக் கடவுச்சொல் இட்ட வன்தட்டில் வையுங்கள். பேசியவரின் அல்லது குடும்பத்தின் சம்மதமின்றி வெளியிடாதீர்கள்.

மனித உரிமைகள் பேரவையின் 2021 மார்ச் 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான ஆதாரங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. அந்த வேலைக்கும், நாளை தன் பேத்தியிடம் கதை சொல்லப்போகும் ஒரு குடும்பத்துக்கும் தேவைப்படுவது திறக்கக்கூடிய ஒரு கோப்பு. இந்த வாரம் உங்களிடமுள்ள ஒரு நேரலையிலிருந்து தொடங்குங்கள்.