ஏணையிலிருந்து கட்டிலோரத் தொட்டில் வரை



இந்தக் காலாண்டில் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் ஓடியது வண்டி நிறுத்தும் தகராறு இல்லை, தண்ணீர் லாரிக் கணக்கும் இல்லை. "கூரையில் தூளி கட்டக் கொக்கி அடிக்கலாமா?" என்ற ஒரு வரிக் கேள்விதான். அதற்கு நாற்பது பதில் வந்தது. பாதிப்பேர் தூளிக்கு, மீதிப்பேர் கட்டிலோடு ஒட்டி வைக்கும் புதுவகைத் தொட்டிலுக்கு. இரண்டு பக்கத்துக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் தேர்வு கொஞ்சம் எளிதாகும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் தூளியை 'ஏணை' என்பார்கள். அம்மாவின் பழைய நூல்புடவை, ஒரு கயிறு, துணி ஒட்டிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்க நடுவில் ஒரு தொட்டில்கட்டை. அவ்வளவுதான் சாமான். கூரை வீட்டில் மூங்கில் விட்டத்திலும், மாடி வீட்டில் தேக்கு உத்திரத்தின் இரும்பு வளையத்திலும், வயல் வேலை நாளில் வரப்போரத்து வேம்பிலோ புளியிலோ தொங்கும். (திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள்.) தரையில் தேள், பூரான், எறும்பு, சில வீடுகளில் பாம்பு. அந்தத் தரையிலிருந்து பிள்ளையைத் தூக்கி வைத்ததுதான் ஏணையின் முதல் வேலை. ஆட்டுவது இரண்டாவது வேலைதான்.

தமிழில் தொட்டிலுக்கு இலக்கியத் தகுதியும் உண்டு. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில் பிரமனே பொன்தொட்டில் அனுப்பி வைக்கிறான். பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவம் தாலப்பருவம். தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. பாட்டிகள் தூளிக்காக இவ்வளவு வாதாடுவதில் வியப்பில்லை.

இன்னொரு தொட்டிலையும் நம் மாவட்டம் அறியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண் குழந்தை விகிதம் சரிந்திருப்பது தெரிந்த பிறகு விழுப்புரம், கடலூர், அரியலூர், பெரம்பலூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் வந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

நம் கேள்விக்கு வருவோம். தாயும் பிள்ளையும் ஒரே படுக்கையில் தூங்கும்போது அசதியில் தாய் மேலே புரண்டுவிடுவாளோ என்ற பயம் உலகம் முழுக்கப் பழையது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அதற்கென்றே 'ஆர்குச்சோ' என்ற மரக்கூடு இருந்தது. ஏறக்குறைய மூன்றடி நீளம். மேலே வளைவுச் சட்டம். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பக்கப்பலகையில் ஒரு வெட்டு. பிள்ளையை அதற்குள் கிடத்தித் தாயின் படுக்கையிலேயே வைத்துக்கொள்வார்கள். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1732-லேயே படத்தோடு இதைப் பற்றிய குறிப்பு வந்திருக்கிறது. இன்று நீங்கள் ஆன்லைனில் பார்க்கும் கட்டிலோரத் தொட்டிலின் பாட்டி இதுதான் என்று சொன்னால் தப்பில்லை.

நம் ஊரில் இப்படி ஒரு கூடு தேவைப்படாததற்குக் காரணம் பாய் என்று நினைக்கிறேன். கெட்டியான தரை, மெல்லிய பாய், புதையும் மெத்தை கிடையாது, கனத்த கம்பளி கிடையாது. அடுக்ககத்துக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. எட்டு அங்குல நுரைமெத்தை, நான்கு தலையணை, ஏசி குளிருக்கு ரஜாய். "நாங்கள் எல்லாம் பக்கத்தில் போட்டுத்தானே வளர்த்தோம்" என்று பெரியவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அவர்கள் போட்டது வேறு படுக்கை.

மேல்நாட்டில் 1990 வாக்கில் ஒரு பெரிய திருப்பம் வந்தது. குப்புறப் படுக்கவைத்த குழந்தைகள் தூக்கத்தில் திடீரென இறப்பது அதிகம் என்று தெரிந்தது. 1991-ல் பிரிட்டனும் 1994-ல் அமெரிக்காவும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று இயக்கம் நடத்தின. அமெரிக்காவில் அந்த வகை மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. மருந்தும் கருவியும் இல்லாமல், படுக்கும் பக்கத்தை மாற்றியதில் கிடைத்த பலன் இது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் புதுப்பித்த அறிவுரையும் ஏறக்குறைய இதன் தொடர்ச்சிதான்: குறைந்தது ஆறு மாதம் பிள்ளை பெற்றோரின் அறையிலேயே தூங்கட்டும், ஆனால் தனிப் படுக்கையில், சமதளத்தில், மல்லாந்து.

அறை ஒன்று, படுக்கை வேறு. அதனால்தான் கட்டிலோரத் தொட்டிலுக்கு மவுசு. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த பெண்ணுக்கு நடுராத்திரியில் எழுந்து நடக்காமல் கையெட்டும் தூரத்தில் பிள்ளை கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அவளைக் கேட்டால் தெரியும்.

ஆனால் கடையில் விற்பதெல்லாம் பாதுகாப்பானது என்று நம்பிவிடாதீர்கள். தொட்டில் விதிகள் ஒவ்வொன்றும் பிள்ளைகளின் உயிரைக் கொடுத்து வாங்கியவை. கம்பிகளுக்கு நடுவில் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொண்டதால்தான் அமெரிக்கா 1973-ல் இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று விதித்தது. பக்கச் சட்டம் கீழே இறங்கும் தொட்டில்களில் சட்டம் கழன்று குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் 2011-ல் அந்த வகையையே தடை செய்தது. சிம்ப்ளிசிட்டி என்ற நிறுவனத்தின் கட்டிலோரத் தொட்டில்களில் உலோகக் கம்பிகளுக்கு இடையே சிக்கி இரண்டு குழந்தைகள் இறந்தன; 2008-ல் பல லட்சம் தொட்டில்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. இந்த வகைக்கென்று தனி விதி அங்கே 2014-ல் வந்தது. சாய்வாகப் படுக்கவைக்கும் பிஷர்-பிரைஸ் தொட்டில் 2019-ல் திரும்பப் பெறப்பட்டபோது எண்ணிக்கை 47 லட்சம். அதே ஆண்டின் ஐரோப்பியத் தரம், கட்டிலோடு ஒட்டியிருக்கும்போதும் தாயின் பக்கம் 12 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு நிற்க வேண்டும் என்கிறது. நம் சந்தையில் பல மாடல்களில் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. விளம்பரப் படத்தில் அழகாக இருக்கும், அதை வாங்காதீர்கள்.

நம் வீட்டுக் கட்டில்களில் இன்னொரு சிக்கல். தேக்குக் கட்டில்களில் மெத்தை சட்டத்துக்குள் அமிழ்ந்து உட்காரும். அதனால் தொட்டிலை எவ்வளவு ஒட்டி வைத்தாலும் இரண்டு மெத்தைக்கும் நடுவில் மரச்சட்டத்தின் அகலம் இடைவெளியாக நிற்கும். பிஞ்சு முகம் புதைய அது போதும். துணியைத் திணித்து அடைப்பது இன்னும் ஆபத்து. உங்கள் கட்டில் அப்படியானால் தொட்டிலைக் கட்டாமல், நான்கு பக்கமும் மூடி, அருகில் தனியாக நிறுத்துங்கள். மெத்தை ஓரத்தோடு ஓரம் பொருந்துகிற கட்டிலானால், தொட்டிலோடு வரும் பட்டையை மறுபக்கம் வரை இழுத்து இறுக்க வேண்டும். வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பாயில் படுக்கும் தாய்க்கு இந்தச் செலவே வேண்டாம்.

கடுகுத் தலையணை, பக்கத்து உருளைத் தலையணை, பஞ்சு பொம்மை எதுவும் தொட்டிலுக்குள் வேண்டாம். கொசுவலையும் கெட்டியான சிறு மெத்தையும் போதும். அரசு மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகளுக்கு 2015 முதல் கொடுக்கப்பட்ட 16 பொருள் பரிசுப் பெட்டகத்திலேயே படுக்கையும் கொசுவலையும் இருந்தன. பின்லாந்தில் 1938 முதல் கொடுக்கும் அட்டைப்பெட்டியைப் பல வீடுகளில் தொட்டிலாகவே பயன்படுத்தினார்கள். விலைக்கும் பாதுகாப்புக்கும் பெரிய உறவு இல்லை.

தூளி? பகலில், பெரியவர் ஒருவர் கண்முன் இருக்கும்போது, கொஞ்ச நேரம் ஆட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். இரவு முழுக்க வேண்டாம். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. துணி வளைவில் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுக்குழாய் மடங்கும். வளர்ந்த பிள்ளைகள் அதையே ஊஞ்சலாக்கிக் கழுத்தில் சுற்றி இறந்த செய்திகளை நாளிதழில் படிக்கிறோம். தூங்கி முடிந்ததும் அவிழ்த்து வையுங்கள். மின்விசிறிக் கொக்கியில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. நம் வழக்கப்படி பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் பிள்ளையோடு இங்கே திரும்புகிறாள். கட்டிலோரத் தொட்டிலோ பிள்ளை கையூன்றி எழும்ப ஆரம்பிக்கும் வரைதான், சுமார் ஐந்து மாதம். எட்டாயிரம், பத்தாயிரம் கொடுத்து இங்கே வாங்கி வைத்தால் பிரிக்காத பெட்டியாகவே கிடக்கும். தொட்டில் தேவைப்படுவது தாய்வீட்டில், அங்கே அனுப்புங்கள். நம் அடுக்ககத்திலேயே இரண்டு மூன்று வீட்டுப் பரணில் இப்படிச் சும்மா கிடக்கின்றன. கொடுப்பவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் சொல்லலாம். வாங்கிக்கொள்பவர்கள் திருகாணி, கட்டும் பட்டை, அதோடு வந்த அசல் மெத்தை மூன்றும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்; ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.