நட்டஈடு முடியும் இடத்தில் தொடங்கும் செலவு: கந்தளாயில் காயமுற்ற தொழிலாளரின் சமூகப் பங்கேற்புக்கான நிதி

வேலையில் ஏற்பட்ட காயத்தால் நிரந்தர இயலாமைக்கு உள்ளாகும் ஒருவருக்கு இருவகைச் செலவுகள் வருகின்றன. மருத்துவமும் இழந்த உழைப்பும் முதல் வகை. ஊரில் மீண்டும் ஒருவராக வாழ்வதற்கு ஆகும் செலவு இரண்டாம் வகை: வெளியே போய்வர முச்சக்கர வண்டிக் கூலி, உடன் வரும் துணையாளின் நாட்கூலி, சக்கர நாற்காலியின் திருத்தச் செலவு, தேய்ந்துபோன செயற்கைக் காலுக்கு மாற்று, வாசற்படிக்குச் சாய்தளம். இந்த இரண்டாம் வகையையே சமூகப் பங்கேற்பு ஆதரவு என்கிறோம். இலங்கையில் முதல் வகைக்குச் சட்டமும் தொகையும் உண்டு. இரண்டாம் வகைக்குத் தனியான நிதி வழி இல்லை. ஒருமுறை கிடைக்கும் பணத்தால் ஆயுட்காலச் செலவை ஈடுசெய்ய முடியாது என்பதும், பங்கேற்பு ஆதரவை மாதந்தோறும் தொடரும் நிதியாக, பிரதேச மட்டத்தில் அமைக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய் இதற்கு எடுத்துக்காட்டாகிறது.

தொழிலும் காயமும்

கந்தளாய் குளத்து நீரை நம்பிய நெற்செய்கைப் பிரதேசம். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழும் இப்பகுதியில் 1960இல் அரச சீனித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1993இல் அது மூடப்பட்டபோது, மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் உள்ள வேலையின் பெரும் வாயில் ஒன்று அடைபட்டது. இன்று இங்கு உழைப்போரில் பலர் சொந்த வயலிலோ குத்தகை வயலிலோ பாடுபடுகிறார்கள். மற்றவர்கள் நாட்கூலிக்குப் போகிறார்கள், உழவு இயந்திரமோ அறுவடை இயந்திரமோ ஓட்டுகிறார்கள், அரிசி ஆலைகளில் வேலை செய்கிறார்கள். வரம்பில் கவிழும் உழவு இயந்திரம், சூடடிக்கும் இயந்திரத்தில் சிக்கும் கை, ஆலையின் பட்டி இழுத்துக்கொள்ளும் விரல்கள், நெல் மூட்டையோடு விழுந்து முறியும் முதுகெலும்பு ஆகியவை இத்தொழில்களோடு கூடவே வரும் ஆபத்துகள்.

முதற் சிகிச்சை கந்தளாய் ஆதார வைத்தியசாலையில் கிடைக்கும். முள்ளந்தண்டு காயமுற்றோருக்கான நீண்டகாலப் புனர்வாழ்வுக்குப் பெயர்பெற்ற ராகமை வைத்தியசாலை ஏறத்தாழ 200 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. செயற்கைக் கால்களுக்காக 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. சிகிச்சை முடித்து வீடு திரும்பும் நாளிலிருந்து அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் துணை நிற்பது குடும்பம் மட்டுமே. அந்தச் சுமை பெரும்பாலும் மனைவியின் அல்லது தாயின் தலையில் விழுகிறது. அவரும் கூலி வேலையை விட நேர்ந்தால் வீடு இரண்டு வருமானங்களை இழக்கிறது.

பங்கேற்பு ஏன் தேவை

பங்கேற்பு என்றதும் விழாவும் உலாவும் நினைவுக்கு வருவதால், அது வசதிக்குரிய செலவாகத் தோன்றலாம். கந்தளாயின் வாழ்க்கை முறை அவ்வாறு கருத இடம் தருவதில்லை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில்தான் நீர் திறக்கும் நாளும் விதைப்புக்குரிய காலமும் தீர்மானிக்கப்படுகின்றன. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில்தான் வாய்க்கால் துப்புரவு முதலிய பொதுவேலைகள் பேசப்படுகின்றன. கால் இழந்த ஒரு விவசாயி அந்தக் கூட்டங்களுக்குப் போக இயலாவிட்டால், தன் காணிக்கு வரும் நீரைப் பற்றிய பேச்சில் அவருக்குக் குரல் இல்லாமற் போகிறது. மரண உதவிச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பிள்ளையின் பாடசாலைக் கூட்டம், கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். கடன், வேலை, திருமணம், தகராறு எல்லாம் ஆள்முகம் பார்த்துத் தீர்க்கப்படும் ஊரில், வீட்டோடு அடைபடுவது பொருளாதார இழப்புமாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட சமூக அடிப்படையிலான புனர்வாழ்வு வழிகாட்டி சுகாதாரம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்வு, வலுவூட்டல் என ஐந்து கூறுகளை வகுக்கிறது. இத்துறைக்கு அடித்தளமிட்ட உலக சுகாதார நிறுவனக் கைநூலின் ஆசிரியர்களுள் இலங்கையரான பத்மானி மெண்டிஸும் ஒருவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கையொப்பமிட்டு, 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. அதன் 19ஆம் உறுப்புரை, சமூகத்தில் மற்றவர்களைப் போல் வாழ்வதற்கான தனிநபர் உதவியை உரிமையாக அறிவிக்கிறது. கொள்கையளவில் நாடு ஏற்றுக்கொண்ட இந்த உரிமை, வரவு செலவுக் கணக்கில் இன்னும் இடம்பெறவில்லை.

ஒருமுறைத் தொகையின் கணக்கு

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பொறுப்பை வேலைகொள்வோரிடம் வைக்கிறது. நிரந்தர இயலாமைக்கான நட்டஈடு, சம்பளத்தையும் உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பின் விகிதத்தையும் கொண்டு கணிக்கப்பட்டு, ஒரே தொகையாகச் செலுத்தப்படுகிறது. நீண்ட காலம் 550,000 ரூபாவாக இருந்த உச்சவரம்பை 2022ஆம் ஆண்டின் திருத்தம் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் அது உள்ளடக்கியது. இவை பாராட்டத்தக்க முன்னேற்றங்கள்.

ஆயினும் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. முப்பது வயதில் காயமுற்ற ஒருவர் அறுபது வயது வரை வாழும் 360 மாதங்களுக்கு 20 இலட்சத்தைப் பங்கிட்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 5,556 ரூபாவே கிடைக்கும். பழைய உச்சவரம்பில் இது 1,528 ரூபாவாகவே இருந்தது. உச்சவரம்புத் தொகை எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. தொகையை வங்கியில் இட்டு வட்டியில் வாழலாம் என்ற வாதத்துக்கு 2022 விடை தந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. மேலும் கையில் வரும் பெருந்தொகை பழைய கடனுக்கும் வீட்டுத் திருத்தத்துக்கும் பிள்ளைகளின் தேவைக்கும் கரைவது இயல்பு. அதில் துணையாளின் நாளைய கூலி ஒதுக்கப்படுவதில்லை.

சட்டத்துக்கு வெளியே நிற்போர்

இதைவிடப் பெரிய இடைவெளி வேறு இடத்தில் உள்ளது. தன் வயலில் தானே காயமுற்றவருக்கு வேலைகொள்வோர் எவரும் இல்லை. இன்று ஒரு வயலிலும் நாளை இன்னொரு வயலிலும் இறங்கும் கூலியாளுக்கு, யார் வேலைகொள்வோர் என்பதை எழுத்தில் நிறுவுவதே கடினம். 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க விவசாயிகள் ஓய்வூதியச் சட்டத்தின் கீழான திட்டம் இயலாமைக்கும் பயன் வழங்க முனைந்தது. விவசாயிகளின் சிறு பங்களிப்பை நம்பிய அத்திட்டத்தின் நிதி தளர்ந்து, 2012இல் ஓய்வூதியக் கொடுப்பனவு நின்றது. 2014இல்தான் அது மீண்டும் தொடங்கியது. வறியவரின் சந்தாவை மட்டும் நம்பிய நிதி நிலைக்காது என்பது இதில் கிடைக்கும் பாடம்.

எஞ்சியிருப்பது அரசின் மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு. 2024இல் மாதம் 7,500 ரூபாவாக இருந்த அது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்ந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களை நோக்கிய இத்தொகை அரிசிக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது. வீட்டுத் திருத்தம், சுயதொழில், உபகரணம் ஆகியவற்றுக்குச் சமூக சேவைத் துறை தரும் உதவிகள் பெரும்பாலும் ஒருமுறை உதவிகளே.

இயலாமைக்கு ஆயுட்கால மாதக் கொடுப்பனவு என்ற எண்ணம் இலங்கைக்குப் புதியதுமல்ல. போரில் அங்கமிழந்த படையினருக்கு அரசு மாதந்தோறும் கொடுப்பனவு வழங்குகிறது. ஒரே தெருவில் போரில் கால் இழந்தவரும் அறுவடையில் கால் இழந்தவரும் வாழ நேர்ந்தால், இருவருக்கும் உள்ள தேவை ஏறத்தாழ ஒன்றே. நாட்டுக்கு உணவு விளைவித்தவரின் இழப்பை அவர் வீட்டோடு முடிந்த இழப்பாகக் கொள்வது நீதியாகாது.

அயல்நாடுகளின் வழிகள்

மலேசியாவில் 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தொழில்சார் காயத் திட்டத்துக்கு வேலைகொள்வோர் சம்பளத்தின் 1.25 வீதத்தைப் பொது நிதிக்குச் செலுத்துகிறார்கள். கடும் இயலாமைக்குள்ளானோருக்கு அந்நிதி மாதக் கொடுப்பனவும், இடைவிடாத பராமரிப்புக்குத் தனிப்படியும் தருகிறது. 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டமும் நடைபெறுகிறது. 2017இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம் சுயதொழில் செய்வோரையும் உள்ளே கொண்டுவந்தது. வேலைகொள்வோர் ஒவ்வொருவரின் தனிப் பொறுப்பாக இருந்தது பொது நிதியின் பொறுப்பாகியதே இதன் சாரம். தமிழ்நாட்டில் உலக வங்கியின் கடனுதவியோடு நடைபெறும் உரிமைகள் திட்டம், ‘விழுதுகள்’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வழியாகச் சேவையை மாற்றுத்திறனாளியின் ஊருக்கு அருகே கொண்டுசெல்கிறது. நிதி திரட்டும் முறையை மலேசியாவிலிருந்தும், சேவையை ஊருக்குக் கொண்டுவரும் முறையைத் தமிழ்நாட்டிலிருந்தும் கற்கலாம்.

கந்தளாய்க்குப் பொருந்தும் அமைப்பு

மூன்று ஊற்றுகளை ஒன்றிணைப்பது இயலும். முதலாவது, சம்பளம் பெறுவோருக்காக வேலைகொள்வோர் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. அது நிரந்தர இயலாமைக்கு வழங்கும் பயனின் ஒரு பகுதியை மாதக் கொடுப்பனவாக மாற்றலாம். இரண்டாவது, அறுவடை இயந்திரங்களும் அரிசி ஆலைகளும் செலுத்தும் சிறு ஆபத்துக் கட்டணம். ஆபத்தை உண்டாக்கும் இயந்திரத்தின் வருமானத்திலிருந்தே அதன் விளைவுக்கும் பணம் வருவது நேர்மையான முறை. மூன்றாவது, அரசின் ஒதுக்கீடு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாற்றுத்திறனாளிகளின் புனர்வாழ்வும் நலனும் மாகாண சபைக்குரிய விடயங்கள் ஆதலால், கிழக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களம் இதனைக் கையாளலாம்.

செலவிடும் இடம் பிரதேச செயலகமாக இருக்க வேண்டும். சமூக சேவை உத்தியோகத்தர் காயமுற்றவரோடு அமர்ந்து, மாதத்தில் எத்தனை பயணம், எத்தனை மணிநேரத் துணை, எந்த உபகரணத் திருத்தம் என்று திட்டமிட வேண்டும். துணையாளைத் தெரிவுசெய்யும் உரிமை காயமுற்றவருக்கே உரியது. குடும்பத்தவர் துணைபுரிந்தால் அதுவும் ஊதியத்துக்குரிய வேலையாகக் கொள்ளப்பட வேண்டும். சாய்தளம், நடைபாதை, சந்தை வாயில் போன்ற பொதுச் செலவுகள் பிரதேச சபையின் கணக்கில் சேரும். இவற்றைத் தனிநபரின் பங்கிலிருந்து கழிக்கக்கூடாது.

2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது போன நாடு இதனைத் தாங்குமா என்பது வலிமையான ஆட்சேபம். செலவு இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது என்பதே அதற்குரிய பதில். குடும்பங்கள் அதனைக் கூலியிழப்பாகவும், பிள்ளையின் இடைநின்ற படிப்பாகவும், அடகு போன நகையாகவும் செலுத்துகின்றன. யார் செலுத்துவது என்பதே முடிவுசெய்யப்பட வேண்டிய விடயம். உதவி மனிதரைச் சோம்பேறியாக்கும் என்ற அச்சம் பங்கேற்பு ஆதரவுக்குப் பொருந்தாது. பயணத்துக்கும் துணைக்கும் மட்டும் செலவாகும் பணம் ஒருவரை வெளியே கொண்டுவருகிறது. முறைகேடு நேரலாம் என்ற ஐயத்துக்கு, பயனாளிகளும் கமக்காரர் அமைப்பும் அமர்ந்த பிரதேசக் குழு ஆண்டுக் கணக்கை ஊரில் வாசித்துக் காட்டுவது போதிய காப்பாகும்.

தொடக்கமாக, பிரதேச செயலகமும் ஆதார வைத்தியசாலையும் தொழிற் காயங்களுக்கென ஒரு பதிவேட்டை ஆரம்பிக்கலாம். இன்ன வேலையில், இன்ன இயந்திரத்தால், எவ்வளவு இயலாமை என்ற விவரம் சேர்ந்தால்தான் கட்டணத்தையும் ஒதுக்கீட்டையும் நிர்ணயிக்க முடியும். அதன்பின் நிதியின் பயனை, முன்னர் வீட்டோடு இருந்தவர்களுள் எத்தனை பேர் அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு வந்து அமர்ந்தார்கள் என்பதைக் கொண்டு அளக்கலாம்.